போன வருஷத்துக் கடல்

அந்தப் படகுத்துறைக்குத் தினமும் முதலில் வருகிறவள் டிகிரியக்கா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவளுக்கு அந்தப் பெயர் படிப்பினால் வந்ததில்லை. பதினேழு வருஷமாகச் செய்கிற வேலையால் வந்தது. துறையின் கடைசிப் படியில் இறங்கி, கயிறு கட்டிய வாளியைக் கடலில் விட்டுத் தண்ணீர் மொள்வாள். வாளிக்குள் வெப்பமானியை நிறுத்தி மூன்று நிமிஷம் காத்திருந்து, எத்தனை டிகிரி என்று நோட்டில் எழுதுவாள். பிறகு துறையின் முனைக்குப் போய், சாப்பாட்டுத் தட்டு அளவில் இருக்கும் ஒரு வெள்ளைத் தகட்டைக் கயிற்றில் இறக்குவாள். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. தகடு கண்ணுக்கு மறைகிற இடத்தில் எத்தனையாவது முடிச்சு என்று பார்த்து அதையும் எழுதுவாள். தண்ணீர் தெளிவா கலங்கலா என்பதற்கு அதுதான் கணக்கு.

எழுதுவது பென்சிலால்தான். ஈரக் கையில் பேனா ஒரு நாளும் உதவாது, மை கலங்கிப் பக்கம் முழுக்கக் கோலமாகிவிடும். பென்சிலை நோட்டிலேயே ஒரு நூலால் கட்டி வைத்திருந்தாள். சனிக்கிழமை தோறும் கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எழுத்தர் போன் செய்வார். ஏழு நாள் எண்களையும் அவள் படிப்பாள், அவர் அங்கே பதிந்துகொள்வார். நோட்டை யாரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அவள் மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

வேலை முடிந்ததும் இன்னொரு காரியம் செய்வாள். கடைசிப் படியில் உட்கார்ந்து இடது கையை முழங்கை வரைக்கும் தண்ணீரில் விட்டுக்கொண்டு சற்று நேரம் இருப்பாள். நான்கு வருஷமாகத்தான் இந்தப் பழக்கம். ஏன் என்று கேட்டவர்களிடம், "சும்மா, கை எரியுது" என்று சொல்லிவிடுவாள்.

திரும்பும் வழியில் டீக்கடைக்காரர் தினமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு.

"என்னக்கா, இன்னைக்குக் கடலுக்குக் காய்ச்சலா?"

"இருபத்தெட்டரை. உன் டீக்குத்தான் சூடே இல்ல."

பதினேழு வருஷத்து நகைச்சுவை. இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை. சில நாளில் அவள் ஒரு மனிதரோடு பேசுகிற பேச்சு மொத்தமே அவ்வளவுதான். வீட்டுக்குப் போனால் ஒரு அறை, ஒரு சமையலறை, சுவரில் மாட்டிய புருஷனின் எண்ணெய்க் கறைச் சட்டை. அவர் படகு இன்ஜின் மெக்கானிக். குழந்தை இல்லை. ஒருவருக்குச் சமைக்கும்போது உப்பு சரியாகவே அமையாது என்பது நான்கு வருஷத்தில் அவள் கண்டுபிடித்த விஷயம். அதைச் சொல்லிச் சிரிக்கவும் எதிரே ஆள் வேண்டுமே.

துறைக்கு நேரே, அரை மணி நேரப் படகுத் தூரத்தில்தான் பவளப்பாறை. கல்யாணமான புதிதில் மெக்கானிக் ஒரு பழைய வாளியின் அடியை அறுத்துக் கண்ணாடி பதித்து, அவளைப் படகில் கூட்டிப்போய்க் காட்டினார். வாளியைத் தண்ணீரில் அழுத்தி உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு காய்கறிச் சந்தை. பூக்கோசு மாதிரி, காளான் மாதிரி, மான் கொம்பு மாதிரி, இடையிடையே மஞ்சளும் நீலமுமாக மீன்கள். "எல்லாம் உயிருடி" என்றார் அவர். அவள் நம்பவில்லை. கல்லுக்கு ஏது உயிர் என்று இரண்டு நாள் சண்டை போட்டாள்.

உயிர்தான் என்பது அது செத்தபோது ஊருக்கே தெரிந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் பாறை முழுக்க எலும்பு மாதிரி வெளுத்தது. பிறகு அதன்மேல் பச்சையாகப் பாசி ஏறியது. மீன் வேறு இடம் பார்த்துப் போய்விட்டது. அரை மணியில் வலை போட்டவர்கள் இப்போது நான்கு மணி நேரம் போகிறார்கள்.

ஏன் செத்தது என்று சொல்வதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வலைக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். பேசியது நிலையத்தின் ஆராய்ச்சிக்காரப் பெண். படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கியவள் என்பதால் ஊருக்கு அவள் டாக்டரம்மா. ஊசி போடத் தெரியாத டாக்டர் என்று கிண்டலும் உண்டு. நல்ல பெண். டிகிரியக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள்.

"பாறை சாகறதுக்கு ஒரு காரணம்தான்னு இல்ல" என்று டாக்டரம்மா ஆரம்பித்தாள். "கடல் சூடாகலாம். முப்பத்தொண்ணு டிகிரிக்கு மேல போய் மூணு வாரம் அப்படியே நின்னா இந்தப் பவளம் வெளுத்துடும். துறைமுகத்துல மண்ணு தோண்டறாங்களே, அந்தச் சேறு படிஞ்சு மூச்சு முட்டலாம். ஊர்ச் சாக்கடை, வயல்ல போடற உரம், இறால் குளத்துல இருந்து வர்ற தண்ணி... எதுவா வேணா இருக்கலாம். ஒவ்வொண்ணா கழிச்சுப் பார்த்தோம்."

"அந்த வருஷம் தண்ணி சுட்டுச்சும்மா" என்றார் பின்னாலிருந்து ஒரு படகுக்காரர். "இறங்குனா வெந்நீர்ல இறங்குன மாதிரிதான் இருந்துச்சு."

"வெளிக்கடல் சூடுதாங்க. வானத்துலேருந்து எடுத்த படத்துலயும் அப்படித்தான் காட்டுது. ஆனா நம்ம கரையோரத்துல சூடு இல்ல. அக்கா நோட்டுல அந்தக் கோடை முழுக்க இருபத்தொம்பதைத் தாண்டவே இல்ல. தகடும் ஆறு முடிச்சு வரைக்கும் தெரிஞ்சிருக்கு, அதனால சேறும் இல்ல. அடியில ஒரு குளிர்ந்த நீரோட்டம் வந்து நம்ம பக்கத்தைக் காப்பாத்தியிருக்கு. அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதே அக்காவாலதான்."

"நோட்டுல இருந்தா சரிதான்" என்று படகுக்காரர் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா தலை நிமிரவில்லை. கூச்சம் என்று நினைத்தார்கள்.

சூடும் சேறும் கழிந்தபின் சாக்கடையும் உரமும் கழிந்தன. அவை பாறைக்கு எட்டாத தூரத்தில் கலந்தன. மிச்சம் நின்றது இறால் குளம். அந்தக் கரையில் இறால் குளம் வைத்திருந்தது ஒரே ஒருவன். அவன் டிகிரியக்காவின் கூடப்பிறந்த தம்பி.

அன்று சாயங்காலமே தம்பி வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"கைதட்டுனாங்களே, கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு."

"ஒவ்வொரு தட்டும் என் கன்னத்துல விழுந்துச்சு."

"உட்காரு. டீ போடறேன்."

"குளத்தை மூடச் சொல்லி ஆர்டர் வரப்போகுது. நீ டீ போடறே!"

"மூடறதா இருந்தாலும் டீ குடிச்சுட்டு மூடலாம்டா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான். பத்து வருஷம் வெளியூரில் அடுத்தவன் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கற்றுக்கொண்ட தொழில். சொந்தமாகக் குளம் வெட்டி ஆறு வருஷம் ஆகிறது. மூத்த பெண்ணுக்கு அடுத்த மாதம் நிச்சயம் செய்வதாக இருந்தான்.

"நான் விடற தண்ணி அமிர்தம்னு சொல்லல. ஆனா ஒரே கோடையில அவ்வளவு பாறையையும் சாகடிக்க நான் என்ன விஷமா காய்ச்சறேன்? நீயே சொல்லு."

"எனக்கென்னடா தெரியும்."

"உனக்குத் தெரியாதா? உன் நோட்டை வெச்சுத்தானே என்னைக் கழுவுல ஏத்தறாங்க." குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோபப்படாதே. அந்த வருஷத்துக்கு மட்டும் ஒரு ரெண்டு மூணு டிகிரி கூட்டி எழுதிடு. எழுத்தர் தப்பாக் காதுல வாங்கிட்டாருன்னு சொல்லிக்கலாம். கடல் வந்து சாட்சி சொல்லப் போகுதா?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். டீ விரலில் சிந்தியிருந்தது.

"நோட்டுல அப்படியெல்லாம் கை வைக்கக் கூடாதுடா."

"உனக்கு நோட்டு பெருசா, தம்பி பெருசா?"

அவள் சிந்திய டீயைத் தலைப்பால் துடைத்தாள்.

"மாமா இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு எழுந்தான். டீயைத் தொடவில்லை. ஆறிப்போன டீயை அவளே குடித்தாள். கொட்டுவதற்கு மனசு வரவில்லை.

பிறகு அலமாரியிலிருந்து அந்த வருஷத்து நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிரிக்கவில்லை. உள்ளே இருப்பது அவளுக்கு மனப்பாடம்.

அந்தக் கோடையில் மெக்கானிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் மாத்திரை போட்டார். மூன்றாம் நாள் நினைவு தப்பியது. பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மாற்றுத் துணி வைத்த பைக்குள் நோட்டும் எப்படியோ வந்துவிட்டது. சனிக்கிழமை எழுத்தர் போன் செய்தபோது உள்ளே டாக்டர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "சொல்லுங்கக்கா, ஏழு நாள்" என்றார் எழுத்தர். ஒரு நோட்டு இரண்டு வருஷத்துக்கு வரும். அவள் பக்கத்தைப் பின்னால் புரட்டி, போன வருஷம் அதே வாரத்தில் எழுதியிருந்ததைக் கடகடவென்று படித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

பொய் சொல்கிறோம் என்றே அப்போது தோன்றவில்லை. பதிமூன்று வருஷம் பார்த்த கடல். இந்தத் தேதிக்கு இவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள், சொன்னால் அரை டிகிரி பிசகாது. போன வருஷம் இருந்த மாதிரிதானே இந்த வருஷமும் இருக்கும், கடல் எங்கே போய்விடப் போகிறது. அடுத்த சனிக்கிழமை உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். முதல் வாரத்தைப் பற்றிக் கேட்டால்? வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால்? ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். அவளுக்கு நாற்பத்தைந்து ஆயின. நூலில் தொங்கிய பென்சில் பைக்குள் முனை ஒடிந்திருந்ததால் நர்ஸிடம் பேனா வாங்கி, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, போன வருஷத்தைப் பார்த்து இந்த வருஷத்தை எழுதினாள். கட்டிலுக்கும் பெஞ்சுக்கும் நடுவே அவள் பார்த்ததெல்லாம் இன்னொரு வெப்பமானி. மெக்கானிக்கின் அக்குளில் வைத்துவைத்து எடுத்தது. அதன் எண்கள் ஒன்றையும் அவள் எழுதவில்லை. ஆனால் ஒன்றும் மறக்கவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் அவர் போய்விட்டார்.

எல்லாம் முடிந்த மறுநாள் விடியற்காலையில், வீடு நிறைய ஆட்கள் படுத்திருக்க, அவள் மட்டும் எழுந்து துறைக்குப் போனாள். வாளி எடுக்கவில்லை, வெப்பமானி எடுக்கவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து இடது கையைத் தண்ணீரில் விட்டாள். கடல் வெதுவெதுவென்று இருந்தது. யாரோ கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அத்தனை நாள் அழாதவள் அப்போதுதான் அழுதாள். அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது, ஒரு வாரம் விடவில்லை. அவள் மறுபடி வாளியோடு இறங்கியபோது கடல் பழைய கடலாக, இருபத்தெட்டரையில் இருந்தது. பென்சிலால் எழுதினாள்.

இப்போது உண்மையைச் சொல்லப்போனால் தம்பியைக் காப்பாற்றப் புளுகுகிறாள் என்பார்கள். சொல்லாவிட்டால் அவள் இறக்காத வாளியும் இறக்காத தகடும் சேர்ந்து அவன் குளத்தை மூடிவிடும். பதினேழு வருஷமும் பொய் என்று ஆகிவிட்டால், இந்த உலகத்தில் அவள் செய்தது என்று சொல்ல வேறொன்றும் இல்லை. விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். யோசனை கேட்க ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் சுவரில் சட்டையாகத் தொங்கினார்.

திங்கட்கிழமை நிலையத்துக்குப் போய் டாக்டரம்மாவின் மேஜை மேல் நோட்டை வைத்தாள்.

"இதுல நாற்பத்தஞ்சு நாள் நான் துறைக்கே போகல மேடம். போன வருஷத்து நம்பரைப் பார்த்து எழுதிட்டேன்."

டாக்டரம்மா நோட்டைத் தொடவில்லை. "தம்பி சொல்லச் சொன்னாரா அக்கா?"

எதிர்பார்த்து வந்த கேள்விதான்.

"நீங்களே பாருங்க."

டாக்டரம்மா பிரித்தாள். எல்லாப் பக்கங்களும் உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்து அப்பளமாக முறுகியிருந்தன, எழுத்தெல்லாம் பென்சில். நடுவில் மூன்று தாள் மட்டும் கடைக்குப் புதிதாக வந்தது போல் வழவழவென்று இருந்தன, எழுத்தெல்லாம் நீல மை. பின்னால் புரட்டினாள். ஒரு விரலை அங்கேயும் ஒரு விரலை இங்கேயும் வைத்துக்கொண்டு படித்தாள்.

"பன்னிரண்டாம் தேதி இருபத்தெட்டே முக்கால். இங்கயும் இருபத்தெட்டே முக்கால். பதிமூணு, இருபத்தொம்பது... இங்கயும்." குரல் மெலிந்துகொண்டே வந்தது. "தகடு ஆறு, ஆறு, அஞ்சரை. எல்லாமே அப்படியேவா?"

"அப்படியே."

"அக்கா, அந்த நீரோட்டத்துக்கு நாங்க பேரே வெச்சுட்டோம்." சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "அப்படி ஒண்ணே இல்ல. அது உங்க போன வருஷம்."

"மத்த நாளெல்லாம் போனேன் மேடம். மழையில போனேன், காய்ச்சலோட போனேன். இந்த நாற்பத்தஞ்சு மட்டும்தான்."

"நான் நம்பறேன். ஆனா நான் நம்பினாப் பத்தாது."

"தம்பி குளம்?"

"அறிக்கையைத் திரும்ப வாங்கணும். இப்ப சூடும் இருக்கலாம், சேறும் இருக்கலாம், எல்லாமே திரும்ப 'இருக்கலாம்'தான். குளத்தை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. அதுக்காகக் குளத்துத் தண்ணி நல்லதுன்னும் இல்ல. செத்ததுக்கப்புறம் பாசி ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். தொட்டி கட்டி வடிகட்டி விடச் சொல்லுவோம்." நோட்டை மூடினாள். "ஆனா கரையோரம் எவ்வளவு சூடு இருந்துச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. படகுக்காரர் அப்பவே சொன்னாரு. அவரோடது வாய்ப்பேச்சு, உங்களோடது எழுத்து. நாங்க எழுத்தை நம்பினோம்."

அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். "நான் ஒரு நாள் தொட்டேன்" என்றாள். "கையால. அவரு போன மறுநாள்."

"சூடா இருந்துச்சா?"

"வெதுவெதுன்னு இருந்துச்சு."

"எவ்வளவு?"

"கைக்கு டிகிரி தெரியுமா மேடம்."

அடுத்த மாதத்திலிருந்து துறையில் ஒரு கருவி பொருத்தினார்கள். மணிக்கு ஒரு தரம் தானே அளந்து தானே அனுப்பிவிடும். கோபத்தில் செய்யவில்லை, எப்படியும் செய்வதாக இருந்ததுதான் என்று டாக்டரம்மா வீடு தேடி வந்து சொன்னாள். நோட்டைப் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். வாளியையும் வெப்பமானியையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நல்ல பெண் என்று முதலிலேயே சொன்னேன்.

தம்பியும் வந்தான். ஒரு பை நிறைய இறாலும், கூடவே பெண்டாட்டியின் கையால் வறுத்த கொஞ்சமும் கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, ஊரே உன்னைப் பத்தி என்னென்னவோ பேசுது. எல்லாத்தையும் எனக்காகத் தாங்கிக்கிட்டியே."

"உனக்காக இல்லடா. நான் நிஜமாவே..."

"என்கிட்டயே வேண்டாம்க்கா." கண்ணடித்துச் சிரித்தான். "புது மையில எழுதின பக்கத்தைச் சொருகியிருக்கே பாரு, எனக்குக்கூட அந்த மூளை வராது. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவளைப் பொய்க்காரி என்று முழுசாக நம்பி, அதற்காகவே முழுசாக நேசிக்கிற ஒரே சொந்தம். அதையும் கெடுத்துக்கொள்வானேன் என்று விட்டுவிட்டாள். அவன் போனபின் வறுத்த இறாலைத் தின்றாள். உப்பு சரியாக இருந்தது.

பிறகு அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, ஒரு பிடி உப்பையும் போட்டுக் கலக்கினாள். தரையில் உட்கார்ந்து இடது கையை முழங்கை வரைக்கும் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வலது கையால் வெந்நீரைக் குவளை குவளையாக ஊற்றினாள். இது இல்லை. இன்னும் கொஞ்சம். இதுவும் இல்லை. சாயங்கால வெளிச்சம் சமையலறை ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஏழாவது குவளையோ எட்டாவதோ ஊற்றியபோது கை தானாகவே விரல்களை விரித்தது. அன்றைக்குப் படியில் விரித்த மாதிரியே.

வெப்பமானியை நிறுத்தினாள். மூன்று நிமிஷம் காத்திருந்தாள். முப்பத்திரண்டரை.

நான்கு வருஷமாகத் தினமும் கடல் அவள் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று போய் உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு ஒரு நாள் பிடித்தது, அது போதும் என்று இருந்திருக்கிறாள். அந்த வெதுவெதுப்பில்தான் அரை மணித் தூரத்தில் அத்தனையும் செத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஆறும்வரை கையை எடுக்கவில்லை. எடுத்தபின் நோட்டைப் பிரித்து, அந்தத் தேதிக்கு எதிரே, நீல மையை அடிக்காமல், ஓரத்தில் ஈரக் கையோடு பென்சிலால் எழுதினாள். 32.5. கையால் பார்த்தது. எழுதிய இடம் நனைந்து உப்பியது.

மறுநாள் விடிந்ததும் பழக்கத்தில் கால் துறைக்கே போயிற்று. கையில் வாளி இல்லை. படியில் இறங்காமல், கம்பத்தில் பொருத்தியிருந்த கருவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். டீக்கடைக்காரர் வெறும் கையைப் பார்த்தார். கேட்கலாமா என்று ஒரு கணம் தயங்கினார். பதினேழு வருஷப் பழக்கம் அவரையும் விடவில்லை.

"என்னக்கா, கடலுக்குக் காய்ச்சலா?"

"இருந்துச்சுப்பா" என்றாள் அக்கா. "முப்பத்திரண்டரை. நான் பக்கத்துல இல்ல."